ஒரு கேமா, இரட்டைக் கேமா: இறால் பம்பைச் சுற்ற வைத்துப் பார்த்தது

தை, மாசி இரண்டு மாதமும் அறுவடை இயந்திரங்களோடு போய்விடும். சம்பா அறுப்பு முடிகிற வரைக்கும் பாபநாசம் பக்கத்து மெக்கானிக் எவனுக்கும் சொந்த வேலை பார்க்க நேரம் கிடையாது. பங்குனி பிறந்ததும்தான் கொட்டகையின் பின்பக்கம் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த எஞ்சினைத் திறந்தேன். மாருதி ஜி13பிபி, 1298 சிசி, எஸ்டீமிலும் ஜிப்ஸி கிங்கிலும் வந்தது. என்னிடம் இருப்பது ஜிப்ஸியில் இருந்து கியர்பாக்ஸோடு இறக்கியது.

டர்போ போட ஆசைப்படும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, சிங்கிள் கேம் எஞ்சினுக்கு டர்போ போட்டா தாங்குமா? ட்வின் கேம்தானே வேணும்?" கேம் என்றால் வால்வுகளைத் திறந்து மூட வைக்கும் தண்டு. டர்போ என்றால் எஞ்சின் புகையால் சுழன்று காற்றை உள்ளே திணிக்கும் கருவி. நானும் பல வருஷம் அப்படித்தான், இரட்டைக் கேம்தான் வேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் 2013-ல் இங்கே விற்பனைக்கு வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ எஞ்சினைப் பாருங்கள். 1197 சிசி, ஒரே கேம், எட்டே வால்வு. டர்போவோடு 175 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை) கொடுத்தது. அதே 1197 சிசியில் ஸ்விஃப்டின் கே12எம் இரட்டைக் கேம், பதினாறு வால்வு. டர்போ இல்லாமல் 113. டார்க்கைக் கூட்டியது டர்போதான். அப்படியானால் இரண்டாவது கேம் எதற்கு என்று கையால் செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கேம் ஒன்று என்றால் வால்வு எட்டு என்று அர்த்தம் இல்லை. என் ஜி13பிபி ஒரே கேமில் பதினாறு வால்வை ஓட்டுகிறது. கேமுக்கும் வால்வுக்கும் நடுவே ராக்கர் என்ற நெம்புகோல் இருக்கிறது, அவ்வளவுதான். கே12எம்-மில் ராக்கர் கிடையாது. கேம் நேராக, வால்வின் மேல் மூடி போல உட்காரும் டேப்பெட்டின் தலையில் அழுத்தும். கேட்டுப் பார்த்ததில் மயிலாடுதுறை நண்பர் ஒருவர் விபத்துக்குள்ளான 2010 ஸ்விஃப்டின் எஞ்சினை மூன்று மாதத்துக்குக் கொடுத்தார். அது விவிடி (கேமின் நேரத்தைத் தானே மாற்றும் அமைப்பு) இல்லாத கே12எம். எனக்கு அதுவே வசதி, கேமை நானே நகர்த்திப் பார்க்கலாம்.

அடுத்து, சக்தியை அளப்பது எப்படி? டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) இருக்கிற ஊருக்கு இரண்டு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு பலமுறை போக எனக்குக் கட்டாது. வண்டியில் போட்டு ரோட்டில் ஓட்டுவதும் முறையில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சினில் இப்படி மாற்றம் செய்த வண்டியை அனுமதி வாங்காமல் ரோட்டில் விடக் கூடாது. அதில் எனக்கும் முழு உடன்பாடு. களத்துக்குப் பக்கத்து ரோட்டில்தான் ஜனங்கள் நெல் காய வைக்கிறார்கள், பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள்.

அதனால் பம்பு. வேதாரண்யம் பக்கம் ஓர் இறால் பண்ணையில் கழித்துப் போட்ட பெரிய பம்பு ஒன்று காயலான் கடைக்கு வந்திருந்தது. ஜிப்ஸி கியர்பாக்ஸின் புரொப்பல்லர் ஷாஃப்டை அதன் கப்ளிங்கில் இணைத்தேன். பண்ணைக்குட்டையில் உறிஞ்சி, குட்டையிலேயே திரும்ப விடுகிற மாதிரி குழாய் போட்டாயிற்று. ஒரு சொட்டுத் தண்ணீர் வீண் இல்லை. கப்ளிங் கடைந்து கொடுத்த கும்பகோணத்து லேத் பட்டறை அண்ணன், "ஏன் தம்பி, டர்போ போடுறது சரி. இறால் பம்பை எதுக்கு இழுத்துக்கிட்டு அலையிறே?" என்று கேட்டார்.

காரணம் இதுதான். இப்படிப்பட்ட பம்பு இழுக்கும் சக்தி, சுற்றின் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதன்) மும்மடிக்கு ஏற்பக் கூடும். சுற்று 10 சதவீதம் கூடினால் சக்தி 33 சதவீதம் கூடியிருக்கிறது என்று பொருள். டெலிவரி வால்வை ஒரே இடத்தில் பூட்டி வைத்து, இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை முழுசாகத் திறந்தால் எஞ்சின் ஏதோ ஒரு சுற்றில் போய் நிற்கும். அந்த ஒரு எண் போதும். எத்தனை குதிரை சக்தி என்று அது சொல்லாது. ஆனால் முன்னைக்கு இப்போது எத்தனை மடங்கு என்று ஏமாற்றாமல் சொல்லும். அண்ணனுக்குக் கணக்குப் புரிந்ததும் கப்ளிங்கை இன்னொரு தடவை டயல் வைத்துச் சரிபார்த்துக் கொடுத்தார்.

டர்போ, டீசல் ஸ்விஃப்டில் வந்த 1.3 எஞ்சினுடைய கேபி35. கைக்குள் அடங்கும். டீசல் புகையைவிட பெட்ரோல் புகையின் சூடு அதிகம் என்பதால் இதை நீண்ட நேரம் முழுச் சுமையில் வைத்திருக்கக் கூடாது. ஒரு ஓட்டத்துக்கு 20 விநாடி, பூஸ்ட் (டர்போ கூட்டும் காற்றழுத்தம்) 0.5 பார், அதற்கு மேல் இல்லை. எரிபொருளையும் இக்னிஷனையும் கட்டுப்படுத்தும் ஈசியு, ஸ்பீடுயினோ. பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.8. நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானாக வெடிக்கும் தட்டல்) கேட்பதற்குப் பழைய முறைதான்: செம்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கி பிளாக்கில் முடுக்கி, மறுமுனையில் ரப்பர் குழாய் செருகி, காது மூடிக்குள் விட்டுக்கொள்வது.

டர்போவில் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலருக்கு இந்தப் பம்பு மேடையிலேயே ஒரு வசதி கிடைத்தது. பம்பு டெலிவரியில் இருந்து ஒரு சிறு குழாய் பிரித்து, தண்ணீரால் குளிரும் இன்டர்கூலருக்கு விட்டேன். சித்திரை மதியம் வெளிக்காற்று 38 டிகிரி. டர்போ வாயில் 96, இன்டர்கூலர் தாண்டியதும் 44. வண்டியில் இந்த அளவு குளிர்ச்சி கிடைக்காது, ஆனால் இரண்டு எஞ்சினுக்கும் ஒரே குளிர்ச்சி என்பதால் ஒப்பிட இது போதும்.

சிங்கிள் கேமில் தொடங்கினேன். ஹெட்டைக் கழற்றி, பழைய சிரிஞ்சில் எண்ணெய் ஏற்றி அறையை அளந்தேன். கேஸ்கெட், பிஸ்டன் குழி எல்லாம் சேர்த்து 38.2 சிசி. ஒரு சிலிண்டர் 324.5 சிசி. ஆக கம்ப்ரஷன் (உள்ளே வந்த காற்றை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பது) 9.5. தடித்த கேஸ்கெட் போட்டு 8.8-க்கு இறக்கிவிடலாம் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. பிஸ்டன் மேலே வரும்போது ஓரத்துக் காற்றை நடுவுக்குத் தள்ளும் அந்த மெல்லிய இடைவெளி தடித்த கேஸ்கெட்டால் கெட்டுப்போகும், நாக் வேறு வழியில் திரும்ப வந்துவிடும். கம்ப்ரஷன் இறக்குவதென்றால் பிஸ்டனில் குழி கூட்டித்தான் இறக்க வேண்டும். 0.5 பாருக்கு 9.5-ஐ அப்படியே விட்டு, இக்னிஷனைச் சில டிகிரி பின்னுக்கு இழுத்தேன்.

வால்வு ஸ்பிரிங்கை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காற்று உள்ளே வரும் இன்டேக் வால்வின் தலை 28 மி.மீ. என்றால் பரப்பு ஏறக்குறைய 6 சதுர செ.மீ. அதன் முதுகில் 0.5 பார் அழுத்தினால் 3 கிலோ. வால்வு மூடியிருக்க வேண்டிய நேரத்தில் திறக்கப் பார்க்கிற 3 கிலோ. தொய்ந்த பழைய ஸ்பிரிங் என்றால் இது பெரிய விஷயம். ராக்கர் உள்ள எஞ்சினில் ஸ்பிரிங் ராக்கரின் எடையையும் சேர்த்து அடக்க வேண்டும் என்பதால் அதிகச் சுற்றில் இன்னும் சிரமம். சிங்கிள் கேமின் உண்மையான பலவீனம் இது ஒன்று. 6,000 சுற்றுக்குக் கீழே ஓட்டுகிறவர்கள் புது ஸ்பிரிங் போட்டால் போதும்.

டர்போ இல்லாமல் ஜி13பிபி 3,420 சுற்றில் நின்றது. டர்போவோடு 3,700. கணக்குப் போட்டால் 27 சதவீதம் கூடுதல். எனக்குத் திருப்தி இல்லை. 0.5 பாருக்கு இன்னும் வந்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து விடும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினேன். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் ஹெட்டின் நான்கு போர்ட்டிலும் (காற்று நுழையும் வழியிலும்) கரி. வால்வுத் தண்டின் முதுகுப் பக்கம் மட்டும் இல்லை, இன்ஜெக்டர் மூக்கு வரைக்கும் கருப்பாகப் படிந்திருந்தது. விரலால் தொட்டால் மை மாதிரி ஒட்டியது. வெளியே போக வேண்டிய புகை உள்ளே வந்திருக்கிறது.

ஏன் என்பது அன்று சாயங்காலம் புரிந்தது. டர்பைனுக்கு (டர்போவில் புகை சுழற்றும் பக்கத்துக்கு) முன்னால் எக்ஸாஸ்டில் ஒரு துளை போட்டு, செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, அதன் முனையில் பிரஷர் கேஜ் மாட்டினேன். சுருள் இல்லாவிட்டால் கேஜ் வெந்துவிடும். பூஸ்ட் 0.5 பார் காட்டும்போது இந்தப் பக்கம் 0.9. சிறிய டர்போ என்பதால் புகை வெளியேற முடியாமல் நெருக்குகிறது. எக்ஸாஸ்ட் வால்வு மூடி முடிவதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கும் அல்லவா, அதுதான் ஓவர்லேப். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது நல்லது, போகிற புகை புதுக் காற்றை இழுத்து உள்ளே விடும். இங்கே வெளிப்பக்கம் 0.9, உள்பக்கம் 0.5. இரண்டு கதவும் திறந்திருக்கும் அந்தக் கணத்தில் காற்று எந்தப் பக்கம் போகும்?

ஓவர்லேப்பைக் குறைக்க வேண்டும். சிங்கிள் கேம் இடிப்பது இங்கேதான். கேம் புல்லியை முன்னே திருப்பினால் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் சேர்ந்தே நகரும். ஓவர்லேப் அப்படியேதான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள கோணம் அந்த ஒரே தண்டில் கடைந்து வைக்கப்பட்டது. டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளதை) 0.05 மி.மீ. கூட்டிப் பார்த்தேன். 3,715 வந்தது, கூடவே தையல் மெஷின் சத்தமும் வந்தது. சரி, ஓவர்லேப் குறையும்படி கேமைக் கோயம்புத்தூருக்குக் கடையக் கொடுத்துவிட்டு, லேத் பட்டறையில் 16 மி.மீ. தட்டில் அடாப்டர் வெட்டி, கே12எம்-மை மேடையில் ஏற்றினேன். அதே டர்போ, அதே பம்பு, டெலிவரி வால்வு பூட்டிய அதே இடம்.

டர்போ இல்லாமல் 3,330. டர்போவோடு 3,590, அதாவது 25 சதவீதம். கழற்றிப் பார்த்தால் இதிலும் போர்ட்டில் கரி. இரட்டைக் கேம் என்பதால் தானாக எதுவும் சரியாகிவிடவில்லை என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆனால் இதைச் சரிசெய்ய ஒரு மதியம்தான் ஆயிற்று. எக்ஸாஸ்ட் கேமின் ஸ்ப்ராக்கெட்டைத் தண்டோடு நிலைப்படுத்தும் பின்னுக்குப் பதில் ஆஃப்செட் பின் கடைந்து வாங்கினேன். ஒரு பாதி நேராக, மறுபாதி சற்றுத் தள்ளி. இதில் கணக்கு முக்கியம். பின், தண்டின் மையத்தில் இருந்து 15 மி.மீ. தள்ளி இருந்தால், 0.8 மி.மீ. ஆஃப்செட்டுக்கு கேம் 3 டிகிரி திரும்பும். கேம் கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் கிராங்கில் அது 6 டிகிரி. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு படிக்கட்டு அந்தப் பின்னில். எக்ஸாஸ்ட் கேமை மட்டும் 6 டிகிரி முன்னுக்குக் கொண்டுவந்தேன். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட்.

3,690. 36 சதவீதம். பூஸ்ட் அதே 0.5.

வைகாசி கடைசியில் கடைந்த கேம் வந்து சேர்ந்தது, மூன்று வாரம் ஆயிற்று. லோப் (வால்வைத் தள்ளும் மேடு) கடைந்ததால் கேமின் அடிவட்டம் சிறுத்துவிடும். ஜி13பிபி ராக்கரில் திருகு இருப்பதால் அதைத் திருகி இடைவெளியை ஈடுகட்டிவிட்டேன், பத்துப் பைசா செலவில்லை. இதையே கே12எம்-மில் செய்திருந்தால் பதினாறு டேப்பெட்டையும் வேறு தடிமனில் தேடி வாங்கியிருக்க வேண்டும். சிங்கிள் கேமுக்குச் சாதகமான இந்த ஒன்றை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எஞ்சினை மறுபடி மேடையில் ஏற்றி ஓட்டினேன். 3,780, அதாவது 35 சதவீதம்.

36-க்கும் 35-க்கும் நடுவே இருப்பதை நான் வித்தியாசமாகவே எடுக்கவில்லை. காற்றின் சூடு இரண்டு டிகிரி மாறினால் அது மாறிவிடும். இந்தச் சுற்றில், இந்த பூஸ்டில், கேம் ஒன்றா இரண்டா என்பது எஞ்சினுக்குத் தெரியவில்லை. தெரிந்தது எனக்குத்தான்: ஒன்றில் மதியத்தில் முடிந்த வேலை மற்றொன்றில் மூன்று வாரம். டர்போவை மாற்றினால் பேக் பிரஷர் (டர்போவுக்கு முன் புகை நெருக்கும் அழுத்தம்) மாறும், ஓவர்லேப்பையும் மறுபடி தேட வேண்டும். பெரிய டர்போ, 7,000 சுற்று, பந்தயத் தளம் என்று போகிறவர்களுக்கு இரட்டைக் கேம் எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். அங்கே ராக்கர் இல்லாததும் சேர்ந்து கைகொடுக்கும். சிறிய டர்போ, 5,500-க்குள், ஒரு தடவை செய்து அப்படியே வைத்துக்கொள்கிறேன் என்பவர்கள் கையில் இருக்கும் சிங்கிள் கேமை விற்றுவிட்டு வேறு தேட வேண்டாம். அந்தப் பணத்தில் ஸ்பிரிங்கும் கேம் கடைசலும் போக, காற்று-எரிபொருள் விகிதம் அளக்கும் நல்ல வைட்பேண்ட் சென்சாரே வாங்கலாம்.

என் மேடையில் 4,200 சுற்றுக்கு மேல் போக முடியாது, பம்பு ஒத்துக்கொள்ளாது. அதனால் மேல் சுற்றைப் பற்றி நான் சொன்னது எஞ்சினின் அமைப்பை வைத்துச் சொன்னது, அளந்து சொன்னதில்லை. வாக்குவம் கிளீனர் மோட்டாரில் ஒரு ஃப்ளோ பெஞ்ச் (ஹெட் வழியே எவ்வளவு காற்று போகும் என்று அளப்பது) கட்டி இரண்டு ஹெட்டையும் அதில் வைக்கிற எண்ணம் உண்டு. கே12எம்-மை ஆடி வரைக்கும் வைத்துக்கொள் என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.

மேட்டூர் திறந்துவிட்டார்கள், குறுவை நடவு தொடங்கிவிட்டது. பவர் டில்லர்கள் கொட்டகை வாசலில் வரிசையாக நிற்கின்றன. நேற்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேலையெல்லாம் முடிந்த பிறகு ஜி13பிபியின் மேனிஃபோல்டை மட்டும் கழற்றினேன். முதல் போர்ட்டுக்குள் வெள்ளைத் துணி சுற்றிய விரலை விட்டுத் துடைத்து எடுத்தேன். லேசாகப் பெட்ரோல் ஈரம் இருந்தது. கரி இல்லை.