காணாதே போதியோ பூம்பாவாய்

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு வலது கையும் பேச்சும் போன பிறகு, நான் கபாலீஸ்வரர் கோயிலுக்குப் போவதே அரிதாகிவிட்டது. மந்தைவெளியிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனால் அம்மா இல்லாமல் மாட வீதியில் கால் வைக்க மனசு வரவில்லை. ஒரு சோமவாரம், "நான் பாத்துக்கறேன், நீ ஒரு நடை போய்ட்டு வாம்மா" என்று பக்கத்து வீட்டு மாமிதான் பிடிவாதமாக அனுப்பி வைத்தார்.

சாயரட்சை நேரம். மேற்கு பார்த்து நிற்கும் சுவாமியையும் கற்பகாம்பாளையும் தரிசித்துவிட்டு, பிராகாரத்தில் புன்னை மரத்தருகே உட்கார்ந்தேன். அம்பாள் மயிலாக வந்து பூசை செய்த இடம் அது. உள்ளேயிருந்து ஓதுவார் குரல் வந்தது. "மட்டிட்ட புன்னையங் கானல் மடமயிலை..."

பூம்பாவைப் பதிகம். இரண்டாம் திருமுறை, சீகாமரப் பண். பாம்பு தீண்டி இறந்த மகளின் எலும்பையும் சாம்பலையும் சிவநேசர் குடத்தில் வைத்திருக்க, திருஞானசம்பந்தர் வந்து இதைப் பாடி அவளை எழுப்பினார் என்பது மயிலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. கோயிலில் பூம்பாவைக்குச் சன்னதியே இருக்கிறது.

சின்ன வயதிலிருந்து கேட்கிற பாட்டுதான். அன்று ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக உள்ளே இறங்கியது. செத்துப்போன ஒரு பெண்ணிடம் சம்பந்தர் என்ன பேசுகிறார்? ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை நாள், தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை வரிசையாகச் சொல்கிறார். தைப்பூசத்துக்கு நெய் விட்ட சோறுகூட வருகிறது. இதையெல்லாம் பார்க்காமலே போய்விடுவாயா என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கேட்கிறார். கோபித்துக்கொண்டு படுத்த பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது எனக்கு. ஓதுவார் "போதியோ"வில் அந்த ஓகாரத்தை நீட்டி நிறுத்தியபோது அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை. பல மாதங்களாக அழக்கூட நேரமில்லாமல் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, ரசம் சாதத்தைக் குழைய மசித்து அம்மாவுக்கு ஊட்டினேன். வாய் தன்பாட்டுக்கு அதே பாட்டை முணுமுணுத்தது. கடைசி அடியில் "காணாதே" வரை வந்து, அம்மாவின் வாயோரம் வழிந்த ரசத்தைத் துடைப்பதற்காக நிறுத்தினேன்.

"போதியோ... பூம்பாவாய்."

அம்மாவின் குரல். சொல் குழறியது, சுருதி குழறவில்லை. கையில் துண்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் முதலிலிருந்து பாடினேன். "பூம்பாவாய்" வரும்போதெல்லாம் அம்மா சேர்ந்துகொண்டாள்.

பேச்சுப் பயிற்சி தருகிற பெண்ணிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தை நம்பியிருக்கிறதாம். பாட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்குமாம். அதனால் இடது பக்கம் அடிபட்டுப் பேச்சிழந்த சிலருக்குப் பாட்டு மிஞ்சும், அதைப் பிடித்துக்கொண்டே சொற்களுக்குப் பழக்கலாம் என்றார். இதைக் கேட்ட பிறகு கபாலி மேல் எனக்கு இன்னும் பிரியம் கூடியது. அந்த வலது பக்கத்தையும் படைத்தவன் அவன்தானே.

இப்போது தினமும் காலையில் பதிகம், அப்புறம் பயிற்சி. இடது கையால் மெல்லத் தட்டிக்கொண்டு "தண்ணி வேணும்" என்பதை அம்மா ராகமாக இழுத்துச் சொல்கிறாள். சில நாள் நன்றாக வருகிறது, சில நாள் ஒரு சொல்கூட வருவதில்லை. அன்றைக்குப் பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம்.

போன வாரம் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் காட்டி "பூசம்?" என்று கேட்டாள். ராகம் இல்லாமல், வெறும் பேச்சாக. தேதியைப் பார்த்துச் சொன்னேன். தைப்பூசத்தை ஒட்டி மூன்று நாள் தெப்பம் நடக்கும். கூட்டம் சேர்வதற்கு முன்னால் சாயங்காலமே சக்கர நாற்காலியில் கூட்டிப் போய்க் குளத்தங்கரையில் இடம் பிடித்துவிட வேண்டும். மாமியும் வருகிறேன் என்றிருக்கிறார்.