பாலத்தைக் கீழே இறங்கிப் பாருங்கள்

ஆற்றுப்பாலத்தை ஆய்வு செய்யப் போகிறவர்கள் பலர் மேலேயே வண்டியை நிறுத்தி, தாரையும் கைப்பிடிச் சுவரையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இது மனதுக்கு வேதனை தரும் பழக்கம். கோளாறு சாலையில் தெரியும்போது கீழே அது முற்றியிருக்கும். தூணின் தலைக்கு ஏறி, பாலத்தின் மேல்பகுதியைத் தாங்கி, அது நகர இடம் கொடுக்கும் பேரிங்குக்கு எதிரே டார்ச்சுடன் குனிந்து பார்க்க வேண்டும்.

அங்கே முதலில் தேட வேண்டியது ஈரம். பாலம் நீண்டு சுருங்குவதற்காக விட்ட இடைவெளியான எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டின் ரப்பர் கிழிந்தால் மழைநீர் நேராகப் பேரிங்கின் மேல் ஒழுகும். கூடவே வரும் மண் அதைச் சுற்றிக் கெட்டிப்படும். உருளை பேரிங் துருப்பிடித்து இறுகிவிடும். 40 மீட்டர் கான்கிரீட் கர்டர் (சாலைத் தளத்தைத் தாங்கும் நீள உத்திரம்), 30 டிகிரி வெப்பம் ஏறி இறங்கினால் சுமார் 14 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நகர வழியில்லாவிட்டால் அந்த விசை தூணின் தலையைப் பிளக்கும். சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள்: நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும்; கம்பி துருவேறி மேல்தோல் பிரிந்த இடம் பொத்தென்று கேட்கும்.

பேரிங் மாற்றுவது பொறுமைக்கான வேலை. போக்குவரத்தை நிறுத்திவிட்டு, எல்லாக் கர்டர்களையும் ஜாக் வைத்து ஒரே சீராக, மில்லிமீட்டர் கணக்கில் உயர்த்த வேண்டும். ஒன்று முந்தினால் டெக் ஸ்லாபில், அதாவது சாலைத் தளத்தின் கான்கிரீட் பலகையில், விரிசல் விழும். பழைய பேரிங்கை உருவும் அளவு எழுந்தால் போதும். ஜாக் இறங்காமல் பூட்டும் லாக் நட்டை இறுக்கும்வரை யாரும் உள்ளே கைவிடக் கூடாது. எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பி உயிரை வைக்க முடியாது.

பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவதும் தவறு. 50 மில்லிமீட்டர் தார் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 115 கிலோ. 40 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணில் (இரு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியில்) அது 46 டன் கூடுதல் சுமை. வடிகுழாய் வாயும் அதோடு அடைபடும்.

இவை எல்லாவற்றையும்விட அஞ்ச வேண்டியது தூணடி மண்ணரிப்பு. வெள்ளம் தூணில் மோதிக் கீழ்நோக்கிச் சுழன்று, முகப்பில் குழி பறிக்கும். தூணில் சிக்கிய மரங்கள் அந்தக் குழியை இன்னும் ஆழமாக்கும். வெள்ளம் வடியும்போது மணல் வந்து குழியை மூடிவிடும். பார்வைக்குப் படுகை பழையபடியே இருக்கும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹரி ஆற்றின் மேல் 1954-ல் திறக்கப்பட்ட நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரல் 5-ம் தேதி வெள்ளத்தில் விழுந்து 10 பேர் இறந்தார்கள். அஸ்திவாரம் ஆழமில்லாதது, காப்புக்குக் கொட்டிய கற்கள் முன்பே கலைந்து போயிருந்தன, முறையாக மறுபடி கொட்டப்படவில்லை.

அதனால் வெள்ளம் ஓடும்போதே தூணின் முகப்பிலும் இரு பக்கமும் ஆழம் அளந்து, அஸ்திவாரத்தின் அடிமட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வடிந்தபின் கம்பியைக் குத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் அது புது மணல். கம்பி முட்டி நிற்கும் மட்டத்தைத்தான் பதிவேட்டில் எழுத வேண்டும்.