வீட்டுப் பயிற்சிக்கு டிஜிட்டல் பியானோ: கட்டையின் கனத்தைப் பார்த்து வாங்குங்கள்

பியானோ முதல் கிரேடு தேர்வுக்கு நான் எட்டு மாதங்கள் பயிற்சி செய்தது, 61 கட்டைகள் கொண்ட ஓர் எளிய கீபோர்டில். விரல் பட்டவுடன் அதன் கட்டை இறங்கிவிடும். எப்படி அழுத்தினாலும் ஒலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரும். தேர்வறையில் இருந்ததோ கம்பிகளும் சுத்தியல்களும் கொண்ட உண்மையான பியானோ. மெல்லத் தொடங்க வேண்டிய முதல் பாடலில், நான் தொட்ட முதல் நான்கு சுரங்களில் இரண்டு ஒலிக்கவே இல்லை. பதற்றத்தில் விரல்களுக்கு வலுக் கொடுத்தபோது, இடது கையின் துணைச் சுரங்கள் வலது கையின் மெட்டை மூழ்கடித்துவிட்டன. பிரிட்டனின் இசைத் தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம் நடத்தும் அந்தத் தேர்வின் 150 மதிப்பெண்களில், தேர்ச்சிக்கு 100 வேண்டும். எனக்கு 106 கிடைத்தது. ஸ்கேல்கள் எனப்படும் சுர வரிசைகளையும் பாடல்களின் சுரங்களையும் பிழையின்றிக் கற்றிருந்தும், தலா 30 மதிப்பெண் கொண்ட மூன்று பாடல்களிலும் நான் இழந்தவை பெரும்பாலும் ஒலியின் ஏற்ற இறக்கத்துக்கானவை. நாள்தோறும் ஒரு மணி நேரம் உழைத்தும், தேர்வு கேட்ட அந்த ஒன்றை மட்டும் என் விரல்கள் வீட்டில் ஒருநாளும் பழகியிருக்கவில்லை.

ஆர்மோனியத்தை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு எளிதில் விளங்கும். ஆர்மோனியத்தில் ஒலியின் அளவைத் துருத்தி தீர்மானிக்கிறது. கட்டையை எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் ஒலி கூடுவதில்லை. பியானோவில் அந்தப் பொறுப்பு முழுவதும் விரலுடையது. கட்டை எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு வேகமாகச் சுத்தியல் கம்பியைத் தாக்குகிறது. ஃபுளோரன்ஸ் நகரில் 1700ஆம் ஆண்டையொட்டி பார்த்தொலோமியோ கிறிஸ்தோஃபோரி உருவாக்கிய இந்தக் கருவிக்கு, மென்மையாகவும் உரக்கவும் ஒலிப்பது என்ற பொருளில்தான் பியானோஃபோர்ட்டே என்ற பெயரே அமைந்தது. ஆகவே, வாங்கப்போகும் கருவியில் எத்தனை வாத்திய ஒலிகள், எத்தனை தாளங்கள் இருக்கின்றன என்று கேட்பதற்கு முன், கட்டைக்குக் கனம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கடையில் ‘டச் சென்சிடிவ்’ என்றும் ‘வெயிட்டட்’ என்றும் இரண்டு சொற்கள் காதில் விழும். முதலாவது, அழுத்தும் வேகத்துக்கேற்ப ஒலி மாறும் என்பதை மட்டுமே குறிக்கிறது. கட்டை லேசானதாகவே இருக்கலாம். இரண்டாவது, கட்டைக்குக் கனம் சேர்க்கப்பட்டிருப்பதைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது, 88 கட்டைகளும் ‘ஹேமர் ஆக்ஷன்’ (உண்மையான பியானோவின் சுத்தியல்போலக் கனம் தரும் அமைப்பு) உடையதாக, இடப்பக்கம் கனமாகவும் வலப்பக்கம் போகப்போக இலேசாகவும் அமைந்த கருவி. தொடக்க நிலைக்கு ஏற்ற விலையில் இவ்வகையில் பரவலாகப் பேசப்படுபவை யமஹா பி-45, அதன் வழிவந்த பி-145, கேசியோ சிடிபி-எஸ்110, ரோலண்ட் எஃப்பி-10 ஆகியவை. இவற்றில் எதை வாங்கினாலும் முதல் சில கிரேடுகளுக்குக் குறை வராது என்பது என் கருத்து. 50,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும் என்று நான் வரம்பு வைத்திருந்ததால், மூன்று கடைகள் ஏறி இறங்கிய பிறகே முடிவெடுத்தேன். ஒரு கடையில், தானாகத் தாளம் போடும் கீபோர்டையே திரும்பத் திரும்ப எடுத்துக் காட்டினார்கள். ‘கத்துக்கறவங்களுக்கு இதுவே போதும்’ என்று அங்கே சொன்னதைத்தான் முதல் முறை நான் நம்பியிருந்தேன்.

கடையில் நான் செய்து பார்த்த சோதனைகளைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். வாசிக்கத் தெரியாத பெற்றோரும் இவற்றைச் செய்யலாம். முதலில், நடுவிலுள்ள ஒரு வெள்ளைக் கட்டையை மிக மெதுவாக, மூச்சை விடுவதுபோல் இறக்குங்கள். உண்மையான பியானோவில் சுத்தியல் கம்பியை எட்டாததால் ஒலி எழாது; நல்ல டிஜிட்டல் பியானோக்கள் பலவும் அப்படியே நடந்துகொள்ளும். பிறகு அதே கட்டையைச் சிறிது சிறிதாக வேகம் கூட்டி எட்டுப் பத்து முறை அழுத்திப் பாருங்கள். ஒலி படிப்படியாக வளர வேண்டுமே தவிர, மென்மையிலிருந்து ஒரே தாவலில் உரத்த ஒலிக்குப் போய்விடக் கூடாது. அடுத்து, வெள்ளைக் கட்டையின் நுனியில் அழுத்தியபின், இரண்டு கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே உள்ள குறுகலான உட்பகுதியில் அழுத்துங்கள். விலை குறைந்த கருவிகளில் கட்டை சுழலும் அச்சு அருகிலேயே இருப்பதால், அந்த இடம் கல் போல் கெட்டியாக இருக்கும். தொடக்கத்தில் இது பெரிதாகத் தெரியாவிட்டாலும், கறுப்புக் கட்டைகள் கலந்த பாடல் வந்தவுடன் கட்டைவிரல் அங்கேதான் விழும். கடைசியாக, ஒலியை முழுவதும் குறைத்துவிட்டுக் கட்டைகளைத் தட்டிக் கேளுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஹெட்போன் போட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு வாசித்தாலும், அந்தத் ‘தொப் தொப்’ ஓசை கீழ்வீட்டுக்குக் கேட்கும் என்பதால் ஸ்டாண்டின் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட வேண்டியிருக்கும்.

இந்தச் சோதனைகளில் என் விரலுக்கு எஃப்பி-10 மிகவும் ஒத்துவந்ததால் அதையே வாங்கினேன்; உங்கள் விரலுக்கு வேறொன்று ஒத்துவரலாம். ஒரே நேரத்தில் எத்தனை சுரங்கள் ஒலிக்கும் என்ற பாலிஃபனி எண்ணைப் பற்றித் தொடக்க நிலையில் கவலைப்பட வேண்டியதில்லை. 64 தாராளமாகப் போதும். புளூடூத்தும் கூடுதல் ஒலிகளும் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் படிப்பு நிற்காது.

கருவிக்கே பணம் முழுவதையும் செலவிட்டுவிட்டு அதைச் சாப்பாட்டு மேசையில் வைப்பவர்கள் பலர். அந்தத் தவற்றை நானும் இரண்டு வாரம் செய்தேன். மேசை உயரமாக இருந்ததால் தோள்கள் மேலேறி, மணிக்கட்டு வலி தொடங்கியது. கட்டைகளின் மேற்பரப்பு தரையிலிருந்து ஏறக்குறைய 72 முதல் 74 சென்டிமீட்டர் உயரத்தில் அமைந்து, உட்கார்ந்த நிலையில் முழங்கை கட்டையின் மட்டத்துக்கு வர வேண்டும். ஆகவே அசையாத ஸ்டாண்டுக்கும் உயரம் மாற்றக்கூடிய ஸ்டூலுக்கும் சேர்த்தே தொகையை ஒதுக்குங்கள். காலால் அழுத்தி ஒலியை நீட்டிப்பதற்காகக் கருவியுடன் வரும் சிறிய பெடல் நம் வீட்டு மொசைக் தரையில் வழுக்கிக்கொண்டே போகும்; முழுமையான பெடலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

பழைய கருவி வாங்குவதில் தவறில்லை. ஆனால் 88 கட்டைகளையும் ஒன்றுவிடாமல், ஒரே அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு கட்டை மட்டும் திடீரென்று உரக்கக் கத்தினால், அடியிலுள்ள ரப்பர் தொடுப்பில் தூசு படிந்திருக்கலாம் அல்லது அது தேய்ந்திருக்கலாம். அதைச் சரிசெய்யும் செலவைக் கேட்டறிந்த பிறகே விலை பேசுங்கள்.

எந்தத் தேர்வு எழுதப்போகிறீர்கள் என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். டிரினிட்டி காலேஜ் லண்டன் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கென்று தனிப் பாடத்திட்டமே வைத்திருக்கிறது; அதுதான் இலக்கு என்றால் தாளங்களும் பல ஒலிகளும் கொண்ட கீபோர்டே சரியான கருவி. 2020 முதல் ஏபிஆர்எஸ்எம் நடத்தும், வீடியோவில் பதிவுசெய்து அனுப்பும் தேர்வை டிஜிட்டல் பியானோவில் வாசிப்பதானால், கட்டையின் கனம், பெடல் ஆகியவை பற்றிய நிபந்தனைகளைப் பாடத்திட்டத்தில் படித்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாம் கிரேடுக்கு நான் புதிய கருவியில் படித்தேன். அத்துடன், தேர்வுக்கு முந்தைய மாதத்தில் வாரம் ஒரு நாள் ஆசிரியர் வீட்டுப் பியானோவில் மூன்று பாடல்களையும் இடைவிடாமல் வாசித்துப் பழகினேன். அந்தப் பியானோவின் கட்டைகள் என் கருவியினுடையவற்றைவிடச் சற்றுக் கனமானவை. முதல் பத்து நிமிடங்களில் விரல் தன்னைத் திருத்திக்கொண்டது. தேர்வறையில் உட்கார்ந்ததும், முதல் பாடலின் தொடக்கச் சுரத்தை மிக மெல்லத் தொட்டேன், அது ஒலித்தது. அந்த முறை 128 மதிப்பெண் கிடைத்தது.