நாலடி உயரத்தில் ஒரு கோடு

ஒரு மாதம் முன்னால் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு ஃபோன் வந்தது. ஃப்ளோரிடாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் என் தோழியின் தங்கை. 2024 செப்டம்பர் 26 ராத்திரி ஹெலீன் புயலில் கடல் ஏறி வந்து வீட்டுக்குள் இடுப்பு வரை நின்றிருக்கிறது. இவர்களும் குழந்தையும் முன்பே கிளம்பிவிட்டதால் உயிருக்கு ஒன்றும் இல்லை. நனைந்த சோபாவையும் மெத்தையையும் தெருவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, அதை அள்ள வண்டி வருவதற்குள் மில்டன் என்ற அடுத்த புயல் வருகிறது என்று செய்தி. அழவில்லை, அசதியாகப் பேசினாள். நடுவில் ஒரு வார்த்தை சொன்னாள் பாருங்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு. “நாங்க எச்1பி வேலை விசா தானேக்கா, எங்களுக்கு எதுவும் கிடைக்காதாம். அதனால யார்கிட்டயும் கேக்கல.”

ஏழு வருஷம் முன்னால் ஹூஸ்டனில் நானும் இதையே, ஏறக்குறைய இதே வார்த்தையில், சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒருத்தர் என்னைப் பிடித்து உலுக்கினார். அதைத்தான் இப்போது எழுதி வைக்கிறேன், அடுத்த புயலுக்கு யாருக்காவது ஆகும்.

ஹார்வி புயல் 2017 ஆகஸ்ட் 25, வெள்ளிக்கிழமை ராத்திரி ராக்போர்ட் பக்கம் கரையேறியது. அது எங்களுக்கு வெகு தூரம், காற்று எங்களை அவ்வளவாகத் தொடவே இல்லை. கரையேறிய புயல் நகராமல் டெக்ஸாஸ் தலைமேலேயே நாலு நாள் சுற்றிக்கொண்டு நின்றதுதான் வினை. நெடர்லாண்ட் என்ற ஊரில் 60.58 அங்குலம் மழை. ஒன்றரை மீட்டருக்கு மேல், சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதைவிட அதிகம். நாங்கள் இருந்தது தென்மேற்கு ஹூஸ்டனில், இரண்டு மாடி டவுன்ஹோம். சனிக்கிழமை ராத்திரி முழுக்க ஃபோன் டொர்னாடோ (சுழல்காற்று) எச்சரிக்கை என்று அலறிக்கொண்டே இருந்தது. நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன், தண்ணீர் வாசல் வழியாக வரும் என்று. அது சுவரடியிலிருந்து, தரைக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாக, சத்தமே இல்லாமல் கசிந்து வந்தது. காலில் ஈரம் பட்டபோதுதான் தெரிந்தது. மூன்று வயது மகளை மாடியில் படுக்கவைத்துவிட்டு, அரிசி மூட்டை, பாஸ்போர்ட் பை, மிக்ஸி, குழந்தையின் மருந்து என்று கையில் கிடைத்ததையெல்லாம் மேலே ஏற்றினோம். விடியும்போது ஃப்ரிட்ஜ் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். செவ்வாய்க்கிழமை வடிந்தது.

வடிந்த பிறகுதான் வேலையே. வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நினைத்தோம், ஆனால் சாதாரண வீட்டுக் காப்பீடு தரையிலிருந்து ஏறி வரும் வெள்ளத்துக்குப் பணம் தராது. வெள்ளத்துக்குத் தனி பாலிசி வேண்டும், அதுவும் எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். எங்கள் தெரு வெள்ள அபாய வரைபடத்துக்கு வெளியே இருந்ததால் கடன் கொடுத்த வங்கியும் கேட்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வீடுகளில் தண்ணீர் புகுந்தது, பாதிக்கு மேல் எங்களைப் போல வெள்ளப் பாலிசி இல்லாதவர்கள்.

சுவரை வெட்ட வேண்டும் என்று சொன்னவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். எழுபதைத் தாண்டியவர், மனைவி போய்ச் சேர்ந்து தனியாக இருந்தார். அதுவரை அவரோடு எனக்குக் கையசைப்பதைத் தவிரப் பழக்கம் இல்லை. டேப்பும் சுண்ணாம்புக் கயிறும் எடுத்துக்கொண்டு வந்து, தரையிலிருந்து சரியாக நாலடியில் சுவரைச் சுற்றி ஒரு நீலக்கோடு போட்டார். தண்ணீர் இரண்டடிதானே நின்றது, எதற்கு நாலடி என்று கேட்டேன். விளக்குத்திரி எண்ணெயை உறிஞ்சுகிற மாதிரி சீட்ராக் பலகை (மரச்சட்டத்தின் மேல் அடித்திருக்கும் ஜிப்சம் சுவர்ப்பலகை) தண்ணீரை மேலே இழுத்துக்கொண்டே போகுமாம். அப்புறம், புதுப் பலகை நாலடி அகலம், படுக்கவைத்து ஆணி அடித்தால் அப்படியே பொருந்திவிடும், துண்டு போட வேண்டியதில்லை. நீலக்கோட்டில் கத்தியை வைத்து இழுத்து, பலகையைப் பெயர்த்தால் உள்ளே இளஞ்சிவப்புப் பஞ்சு, பிழிந்தால் சாக்கடைத் தண்ணீர் சொட்டுகிறது. அந்த நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், பிடித்தால் மரச்சட்டத்தையே சுரண்ட வேண்டிவரும், அதனால் துக்கப்பட நேரமே கிடையாது.

ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஃபோட்டோ. இதை அவர் மூன்று தடவை சொன்னார். தண்ணீர்க்கோடு தெரிகிற மாதிரி ஒவ்வொரு சுவரும், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், கார்ப்பெட்டில் ஒரு துண்டு வெட்டி பையில் போட்டு வைப்பது, வாங்கிய ஒவ்வொரு சாமானுக்கும் ரசீது. தெருவில் போடும்போதும் கலந்து போடக்கூடாது. மரக்கிளை தனி, சுவர்ப்பலகை தனி, ஃப்ரிட்ஜ் மாதிரிச் சாமான் தனி, பெயின்ட், பேட்டரி தனி. எல்லாம் குவித்துப் போட்டால் வண்டிக்காரர்கள் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஒரு சர்ச்சிலிருந்து ஆறு பேர், மஞ்சள் சட்டை, கையில் கடப்பாரை. யார் நீங்கள், எந்த ஊர், சாமி கும்பிடுவீர்களா, ஒரு கேள்வி இல்லை. “எந்த ரூம்ல ஆரம்பிக்கலாம்?” அவ்வளவுதான் கேட்டார்கள். சமையலறையில் என் அம்மா கொடுத்தனுப்பிய குத்துவிளக்கு சேற்றில் கிடந்ததை ஒரு பையன் எடுத்து, குழாயடியில் கழுவி, என்ன பொருள் என்று தெரியாமலே ஒரு துண்டில் சுற்றி மாடிப்படியில் வைத்திருந்தான். அன்றைக்குத்தான் நான் அழுதேன்.

சரி, பணத்துக்கு வருகிறேன். பெரியவர் கேட்டார், ஃபீமாவில் (அமெரிக்க அரசின் பேரிடர் உதவி அமைப்பு) பதிவு செய்தாயா என்று. நாங்கள் விசாவில் இருப்பவர்கள், எங்களுக்குக் கிடையாது என்றேன். அவர் என் மகளைக் காட்டி, “இவள் எங்கே பிறந்தாள்?” என்றார். இங்கேதான். “அப்புறம் என்ன?”

2024 விதிப்படி விஷயம் இதுதான். ஃபீமாவின் பண உதவி குடிமக்களுக்கும், கிரீன் கார்டு, அகதி அந்தஸ்து போன்றவை உள்ளவர்களுக்கும்தான். எச்1பி, எஃப்1, எல்1 போன்ற தற்காலிக விசா எதுவும் அதில் வராது. ஆனால் வீட்டில் பதினெட்டு வயதுக்குக் கீழ் அமெரிக்கக் குடிமகனோ குடிமகளோ ஒரு குழந்தை இருந்தால், அந்தக் குழந்தையின் பெயரில், அதன் சோஷியல் செக்யூரிட்டி நம்பரைக் கொடுத்து, அப்பா அம்மா விண்ணப்பிக்கலாம். அப்பா அம்மாவின் விசாவை அங்கே யாரும் கேட்பதில்லை. நம்மில் எத்தனை பேருக்கு இங்கே பிறந்த குழந்தை இருக்கிறது! இது தெரியாமலே எத்தனை குடும்பங்கள் கிரெடிட் கார்டில் சுவர் கட்டின என்று நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. குழந்தை இல்லாவிட்டாலும் முகாம், சாப்பாடு, தண்ணீர், மனநல ஆலோசனை, இலவசச் சட்ட உதவி இதற்கெல்லாம் யாரும் குடியுரிமை கேட்கமாட்டார்கள். இன்னொரு பயம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டே இருந்தது, இதை வாங்கினால் நாளைக்கு கிரீன் கார்டில் ‘பப்ளிக் சார்ஜ்’ (அரசுக்குப் பாரமாக இருப்பவர்) என்று மாட்டிக்கொள்வோம் என்று. பேரிடர் உதவி அந்தக் கணக்கில் வராது. தயவுசெய்து இந்தப் புரளியை இனிமேல் அனுப்பாதீர்கள்.

கிடைக்கும் தொகை பெரிது என்று நினைக்க வேண்டாம். 2017இல் அதிகபட்சமே 33,300 டாலர், பெரும்பாலானவர்களுக்கு வந்தது அதில் சிறு பங்குதான். எங்களுக்கு வந்தது கீழ்த்தளச் சுவருக்கும் ஒரு ஃப்ரிட்ஜுக்கும் ஆனது. அப்போதைக்கு அது எவ்வளவு பெரிய மூச்சு என்று அந்த மாதத்தை வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

எனக்கு இத்தனை சொல்லிக்கொடுத்தவர், தனக்கு வந்த கடிதத்தைப் படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டார். ‘தகுதி இல்லை’ என்று அதில் இருந்ததாம். அவமானமாக இருந்திருக்கிறது அவருக்கு. வாழ்க்கையில் யாரிடமும் கை நீட்டாதவன், இதற்காகவா நீட்டினேன் என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் காரணம் இருந்தது: காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம் இணைக்கப்படவில்லை. காப்பீடு கொடுத்ததற்கே மறுபடி அரசு கொடுக்கக்கூடாது என்பது சட்டம், அதனால் அது எவ்வளவு கொடுத்தது, அல்லது கொடுக்கவில்லை, என்று எழுத்தில் வேண்டும். மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் அவகாசம், அதில் முப்பத்தைந்து நாள் டிராயரிலேயே போயிருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க என் டைனிங் டேபிளில் (நனைந்து கோணிப்போன டேபிள்) உட்கார்ந்து எழுதினோம். ஜனவரியில் பணம் வந்தது.

முதல் கடிதத்தில் இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் ஒரு காகிதம் குறைகிறது, கையெழுத்து விட்டுப்போயிருக்கிறது, அல்லது வீடு பார்க்க வந்தபோது ஆள் இல்லை, அவ்வளவுதான் இருக்கும். அப்போது இன்னொரு சிக்கலும் இருந்தது. சிறுதொழில் நிர்வாகத்தின் கடன் விண்ணப்பத்தை முதலில் போட்டு, அதில் இல்லை என்று வந்தால்தான் சாமான்களுக்கான உதவி கிடைக்கும். கடன் எதற்கு என்று நம் ஆட்கள் அந்தப் படிவத்தை ஒதுக்கிவிட்டு, கிடைக்க வேண்டியதையும் இழந்தார்கள். 2024 மார்ச்சில் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், நல்லதாயிற்று.

தெருக்கோடி அபார்ட்மென்டில் எல் சால்வடாரிலிருந்து வந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகள். இங்கே இருக்க விசா, காகிதம் எதுவும் இல்லாதவர். மார்பளவு தண்ணீரிலும் முகாமுக்குப் போகவில்லை, பிடித்துக்கொடுத்துவிடுவார்கள் என்ற பயம். அந்த நேரம் டெக்ஸாஸில் குடியேறிகளுக்கு எதிரான புதுச் சட்டம் வேறு அமலுக்கு வர இருந்தது. மேயர் சில்வெஸ்டர் டர்னர், அவர் வழக்கறிஞரும்கூட, உதவி கேட்டு வந்தவரை யாராவது நாடு கடத்தப் பார்த்தால் நானே அவர்களுக்காக வாதாடுவேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா எங்கள் வீட்டு மாடிக்காவது வந்து தங்கச் சம்மதித்தார். ஒன்பது நாள் இருந்தார்கள். அவருடைய சின்னப் பையன் இங்கே பிறந்தவன். நவம்பரில் அவன் பெயரில் நாங்களே படிவம் போட்டோம்.

முதல் வாரம் உதவிக்கு ஆள் குறைவே இல்லை. லூசியானாவிலிருந்து சொந்தப் படகை வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள், கன்வென்ஷன் சென்டரில் பத்தாயிரம் பேர் தங்கினார்கள், ஒரு ஃபர்னிச்சர் கடைக்காரர் கடையைத் திறந்து புது மெத்தைகளில் ஜனங்களைப் படுக்கவைத்தார். ஃபுட்பால் வீரர் ஜே.ஜே. வாட் இரண்டு லட்சம் டாலர் சேர்க்கலாம் என்று ஆரம்பித்து 3 கோடியே 70 லட்சம் சேர்ந்தது. ஜனவரியில் யாரும் இல்லை. பெரியவர் அப்போதும் சிமென்ட் தரையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். வெளிமாநில நம்பர் பிளேட் வண்டியில் வந்த ஒரு கான்ட்ராக்டர் பாதிப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரு அறையில் பலகை அடித்துவிட்டுக் காணாமல் போயிருந்தான். எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர்கள் எட்டுப் பேர் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவோம், பலகை அடிப்போம், பெயின்ட் அடிப்போம். பிப்ரவரி கடைசியில் முடிந்தது. அந்த ஆறாவது மாதத்தில் கொடுக்கும் ஒரு சனிக்கிழமை, முதல் வாரத்தில் அனுப்பும் பத்து அட்டைப்பெட்டி பழைய துணியைவிட மேல் என்று நான் யாரிடமும் சண்டை போடத் தயார்.

பெரியவர் ஒரு மாய்ஸ்ச்சர் மீட்டர் வாங்கியிருந்தார். சின்னது, இரண்டு ஊசி இருக்கும், மரச்சட்டத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். பதினைந்துக்குக் கீழே வராமல் சுவரை மூடினால் உள்ளேயே பூஞ்சை வளரும். அந்த மீட்டர் தெருவில் பதினோரு வீடு சுற்றியது. யார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அவர் வீட்டுக் கதவில் ஒட்டியிருப்பார். 2021இல் அவர் தவறியபோது அவருடைய மகள் அதை என்னிடம் கொடுத்தார்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பெண்ணுக்குப் போன மாதம் புது பேட்டரி போட்டு அதைத்தான் கூரியரில் அனுப்பினேன். மில்டனில் கூரை தப்பித்தது, வீட்டுக்குள் மறுபடி தண்ணீர் வரவில்லை. குழந்தையின் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டாள், எதிர்வீட்டு வியட்நாம் பாட்டிக்கும் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். தினமும் சாயங்காலம் ஒரு எண் மட்டும் அனுப்புகிறாள். முதல் நாள் 31. நேற்று 19. இன்னும் மூட வேண்டாம், ஃபேனை நிறுத்தாதே என்று பதில் போட்டிருக்கிறேன்.