அம்மிச்சிக்கு வந்த அக்கி

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா தாராபுரம் பக்கத்து ஊரிலிருந்து போன் செய்து, "அம்மிச்சிக்கு முதுகுல சுளுக்கு புடிச்சிருக்கு, தூங்கவே இல்ல" என்றார். அம்மிச்சி என்றால் அம்மாவின் அம்மா. எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை கொப்புளம் கிளம்பியது. அப்போதுதான் அது சுளுக்கு இல்லை, அக்கி என்று தெரிந்தது.

ஞாயிறு சாயங்காலம் நான் போய்ச் சேர்ந்தபோது முதுகெங்கும் காவி. மண்பானை செய்யும் பெரியவர் வந்து அக்கி எழுதிவிட்டுப் போயிருந்தார். "முந்தானை பட்டாலே எரியுது சாமி" என்றார் அம்மிச்சி. காவிக்கு நடுவே கடுகை விடக் கொஞ்சம் பெரிய நீர்க்கொப்புளங்கள், கொத்துக்கொத்தாக. முதுகெலும்பில் தொடங்கி இடது விலாவைச் சுற்றிக்கொண்டு வந்து நடுநெஞ்சில் கோடு கிழித்தது போல நின்றிருந்தது. வலது பக்கம் ஒன்றுகூட இல்லை.

திங்கள் காலை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "சின்ன வயசுல அம்மை வந்துச்சுங்களா?" அம்மிச்சிக்கு இப்போது 78. ஏழு வயதில் விளையாட்டம்மை, அதாவது சின்னம்மை வந்து, அக்காவையும் இவரையும் ஒன்றாக வேப்பந்தழையில் படுக்க வைத்ததை நேற்று நடந்தது போலச் சொன்னார். "அன்னைக்கு வந்த அதே கிருமிதானுங்க இது" என்றார் டாக்டர். எழுபது வருஷமா! எனக்கு அதை நம்பவே கொஞ்ச நேரமானது.

அம்மைக் கிருமி உடம்புக்குள் வந்ததும் வெள்ளையணுக்களில் ஒரு கூட்டம் அதன் அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள் செய்யத் தொடங்குகிறது. இன்னொரு கூட்டமான டி செல்கள், கிருமி புகுந்த செல்லைத் தேடிப் போய் அழிக்கின்றன. தலைக்குத் தண்ணி ஊத்தும் நாளுக்குள் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும், ஆனால் அந்த அடையாளத்தை மனதில் வைத்திருக்கும் நினைவு செல்கள் பல பத்தாண்டுகள் உடம்பில் இருக்கின்றன. அம்மை ஒருதரம் வந்தவருக்கு மறுக்கா வராது என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதற்குக் காரணம் இதுதான். எந்தக் கருவியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஆனால் கிருமி முழுக்கச் சாவதில்லை. கொஞ்சம் நரம்பு வழியாக ஏறி, முதுகெலும்பை ஒட்டியிருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய் ஒளிந்துகொள்கிறது. அங்கிருந்து அது கிளம்பாமல் பார்த்துக்கொள்வது முக்கியமாக அந்த டி செல்கள்தான், வருஷக்கணக்கில், நமக்குத் தெரியாமலே. வயதாக ஆக அந்தக் காவல் தளர்கிறது. சர்க்கரை நோயும், புற்றுநோய் மருந்தும், நாள்பட்ட ஸ்டீராய்டும் இன்னும் தளர்த்தும். மாடு மேயும் கொறங்காட்டில் கிளுவை வேலி ஒரு இடத்தில் பட்டுப்போனால் மாடு அந்த வழியாகத்தானே வெளியேறும்? அப்படித்தான் ஏதோ ஒரு முடிச்சிலிருந்து கிருமி கிளம்பி, அந்த ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. நரம்பு உடம்பின் ஒரு பாதிக்குத்தான் போகிறது என்பதால் கொப்புளமும் பாதியிலேயே நின்றுவிடுகிறது. இங்கிலாந்தில் ஹோப்-சிம்ப்சன் என்ற சிற்றூர் டாக்டர் தன்னிடம் வந்த நோயாளிகளைப் பல வருஷம் கவனித்து எழுதி வைத்து, 1965இல் இதை விளக்கினார். அவரும் எங்கள் ஊர்ப் பெரியவர்களைப் போலப் பார்த்துப் பார்த்தே கண்டுபிடித்தவர் என்பதால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அக்கி எழுதுவதை நான் குறை சொல்ல மாட்டேன். காவி குளிர்ச்சியாக இருந்தது என்று அம்மிச்சியே சொன்னார். ஆனால் நரம்புக்குள் இருக்கும் கிருமிக்கு அது போய்ச் சேராது. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் கிருமிக்கான மாத்திரையைத் தொடங்கினால்தான் நல்ல பலன். நாங்கள் அதைத் தவற விட்டோம். கொப்புளம் காய்ந்து பொருக்கு உதிர்ந்து ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் ராத்திரியில் அந்த விலாவில் சுருக்கென்று குத்தி எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு பக்கமாகக் காந்தலும் கொப்புளமும் வந்தால் அன்றைக்கே கூட்டிப் போங்கள். நெற்றியிலோ கண்ணோரத்திலோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், பார்வைக்கே ஆபத்து.

அப்புறம் இன்னொன்று. அக்கி இன்னொருவருக்கு அக்கியாகத் தொற்றாது, ஆனால் கொப்புள நீர் பட்டால் அம்மை வராத குழந்தைக்கு அம்மை வரலாம். இதைச் சொன்னதிலிருந்து பொருக்கு உதிரும் வரை அம்மிச்சி என் மகளைத் தூக்கவே இல்லை. திண்ணையில் அவர், வாசலில் அவள், நடுவில் ஒரு முறம் நிறைய நிலக்கடலை. அவர் உரித்து வைக்க வைக்க அவள் ஓடி வந்து எடுக்கப் பார்ப்பாள், "அங்கயே நில்லு கண்ணு" என்று விரட்டுவார்.

ஐம்பது வயதுக்கு மேல் அக்கிக்கென்றே ஒரு தடுப்பூசி உண்டு, 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலை அதிகம்தான். அம்மாவுக்கு 58 ஆகிறது. டாக்டரைக் கேட்டு வைகாசியில் முதல் ஊசி போட்டாச்சு, கை ரெண்டு நாள் வலித்தது. அடுத்தது ஆவணியில்.