கமா போட்டுவிட்டால் வாக்கியம் முடிந்துவிடாது

ஒரு முற்றுப்புள்ளி போடாமல் விட்டதால் ஒரு ஃபோல்டர் நிறைய ஃபைல்கள் காணாமல் போன கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். வேலை முடிந்து கிளம்பும் அவசரத்தில், கூட வேலை பார்ப்பவருக்கு ஒற்றை வரியில் ஒரு மெயில் தட்டிவிட்டேன்: “வி வில் ஃபினிஷ் த டெஸ்டிங் டுமாரோ யூ கேன் டெலீட் த ஓல்டு ஃபைல்ஸ்.” (ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், இந்த விஷயத்துக்குக் கண்ணைவிடக் காது முக்கியம்.) நான் நினைத்தது, டெஸ்டிங்கை நாங்கள் முடித்துவிடுகிறோம், நாளைக்கு நீங்கள் பழைய ஃபைல்களை அழிக்கலாம் என்று. அவர் புரிந்துகொண்டது, டெஸ்டிங்கை நாளைக்கு முடிப்போம், நீங்கள் பழைய ஃபைல்களை அழிக்கலாம் என்று. அன்று ராத்திரியே உட்கார்ந்து அழித்துவிட்டார்.

பேக்கப் இருந்ததால் தப்பித்தோம். மறுநாள் நான் கொஞ்சம் குரலை உயர்த்த, அவர் பதற்றமே இல்லாமல் “நீங்கதானே அழிக்கச் சொன்னீங்க” என்று மெயிலைத் திறந்து காட்டினார். நாலைந்து தடவை படித்தேன். அவர் படித்த மாதிரி படித்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. அந்த “டுமாரோ” நட்டநடுவில் நிற்கிறது, இந்தப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும், அந்தப் பக்கமும் ஒட்டிக்கொள்ளும்.

இதற்குப் பெயர் ரன்-ஆன் சென்டென்ஸ். பெயரைக் கேட்டால் ஓடிக்கொண்டே இருக்கிற நீளமான வாக்கியம் என்று தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்து, என் வாக்கியங்கள் எல்லாம் குட்டிக் குட்டியாக இருப்பதால் எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் நீளம் இதில் கணக்கே இல்லை. “இட் இஸ் லேட் ஐ ஆம் கோயிங்” ஆறே வார்த்தை, ஆனால் ரன்-ஆன். எண்பது வார்த்தைக்கு வளைந்து வளைந்து போகும் ஒரு வாக்கியம் இலக்கணப்படி சுத்தமாக இருக்கலாம். தனக்கென்று எழுவாயும் காலம் காட்டும் வினையும் உள்ள, தனியாக எடுத்து வைத்தாலும் முழுசாக நிற்கிற இரண்டு வாக்கியங்களைச் சரியான இணைப்பு இல்லாமல் ஒட்டவைத்தால், அதுதான் ரன்-ஆன். நடுவில் ஒன்றுமே போடாமல் ஒட்டினால் ஃப்யூஸ்டு சென்டென்ஸ், வெறும் கமாவை வைத்து ஒட்டினால் கமா ஸ்ப்ளைஸ். சில இலக்கணப் புத்தகங்கள் முதல் வகையை மட்டும்தான் ரன்-ஆன் என்கின்றன, இரண்டாவதைத் தனியாக வைக்கின்றன. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். ஸ்ப்ளைஸ் என்பது கயிற்றின் இரண்டு முனைகளைப் புரி பிரித்துப் பின்னி இணைப்பதற்கான சொல். கமாவுக்கு அந்த பலம் கிடையாது என்பதுதான் குற்றச்சாட்டு.

தமிழில் யோசித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது ஏன் இவ்வளவு சுலபமாக வருகிறது என்று யோசித்திருக்கிறேன். “எழுந்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, மெயில் பார்த்து, பதில் எழுதி, அனுப்பிவிட்டுத் திரும்பவும் படுத்தேன்” என்று ஒரு வாக்கியம் எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனையோ வேலை நடக்கிறது, ஆனால் முற்று ஒன்றே ஒன்று, கடைசியில் வரும் “படுத்தேன்”. மற்றதெல்லாம் வினையெச்சம். எச்சம் என்றாலே மிச்சம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? “எழுதி” என்றதும் காது அடுத்ததற்குக் காத்திருக்கும், “படுத்தேன்” என்றதும் சரி, முடிந்தது என்று விட்டுவிடும். புள்ளி வைக்க மறந்தாலும் வினைமுற்றே புள்ளி வேலையைப் பெரும்பாலும் பார்த்துவிடும். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே வினை நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிடும். “வி வில் ஃபினிஷ் த டெஸ்டிங்” என்பதோடு முடிந்திருக்கலாம், அல்லது பின்னால் ஒரு “டுமாரோ” வரலாம், ஒரு “வித் ஹிம்” வரலாம், ஒரு “பிஃபோர் நூன்” வரலாம். எது கடைசி வார்த்தை என்று வினையைப் பார்த்துச் சொல்ல முடியாது, புள்ளிதான் சொல்ல வேண்டும். அதைத்தான் நான் போடாமல் விட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. “அவர் வந்தார், நான் கிளம்பினேன்” என்று தமிழில் எழுதினால் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். “அவரும் நானும்” என்று பெயர்களை ‘உம்’ போட்டுச் சேர்க்கிற மாதிரி முற்றுகளைச் சேர்க்க வழியில்லை. “வந்தாரும் கிளம்பினேனும்” என்று யாராவது சொல்வார்களா? அதனால் நமக்குப் பழகிய வழி, ஒன்று வினையெச்சமாக்குவது, இல்லாவிட்டால் பக்கத்தில் வைத்து ஒரு காற்புள்ளி போடுவது. அந்தக் காற்புள்ளிதான் ஆங்கிலத்துக்கு அப்படியே குடிபெயர்ந்து “ஹி கேம், ஐ லெஃப்ட்” ஆகிறது. ஜெர்மன் மொழியிலும் இரண்டு முழு வாக்கியங்களுக்கு நடுவே கமா போடுவது சரிதான், அவர்களும் ஆங்கிலத்தில் எழுதும்போது இதே குழியில் விழுகிறார்கள். ஆகவே இது முட்டாள்தனம் ஒன்றும் இல்லை, வேறொரு மொழியின் விதி.

அப்புறம் அந்தப் பாடம்: மூச்சு விடுகிற இடத்தில் கமா போடு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு ஒரு பழைய நியாயம் இருக்கிறது. கி.மு. 200 வாக்கில் அலெக்சாண்ட்ரியா நூலகத்தில் இருந்த பைசாந்தியத்தின் அரிஸ்டோஃபனிஸ், வாய்விட்டுப் படிக்கிறவர் எங்கே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்று காட்டத்தான் மேலே, நடுவே, கீழே என்று புள்ளிகள் வைத்தார். கமா என்ற கிரேக்கச் சொல்லுக்கே வெட்டிய துண்டு என்றுதான் பொருள். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் நிறுத்தக்குறி பெரும்பாலும் இலக்கணத்துக்காக, மூச்சுக்காக அல்ல. மூச்சை நம்பி எழுதினால் முழு வாக்கியம் முடிகிற இடத்திலும் கமாதான் விழும்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? நான் எழுதியதைத் திரும்பப் பார்க்கும்போது ஒவ்வொரு கமாவாகப் போய் நின்று இடது பக்கத்தை விரலால் மறைப்பேன், வலது பக்கம் மட்டும் முழு வாக்கியமாக நிற்கிறதா என்று பார்ப்பேன். பிறகு வலதை மறைத்து இடதைப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் நின்றுவிட்டால் கமா மட்டும் போதாது. சந்தேகமாக இருந்தால் அந்தப் பகுதியைக் கேள்வியாக மாற்றிப் பார்க்கலாம். “த கீபோர்டு டஸ் நாட் வொர்க்” என்பதை “டஸ் த கீபோர்டு வொர்க்?” என்று கேட்க முடிகிறது, ஆக அது முழு வாக்கியம். “பிகாஸ் த கீபோர்டு டஸ் நாட் வொர்க்” என்பதை அப்படித் திருப்பிக் கேட்க முடியாது, அது இன்னொன்றில் சாய்ந்து நிற்கிற துண்டு.

இதில் ஏமாற்றுவது இட், திஸ், ஹி, தே மாதிரியான சுட்டுப்பெயர்கள். “ஐ காட் எ நியூ கீபோர்டு, இட் டஸ் நாட் வொர்க்” என்று எழுதும்போது, “இட்” முன்னால் சொன்ன கீபோர்டைத்தானே சுட்டுகிறது, ஆகவே அதே வாக்கியத்தின் தொடர்ச்சி என்று மனசு சொல்லும். அர்த்தத்தில் தொடர்ச்சிதான், இலக்கணத்தில் “இட்” புதிய எழுவாய், புதிய வாக்கியம். என் பழைய மெயில்களைத் தோண்டிப் பார்த்ததில் பாதிக்கு மேல் தப்பு இந்த ஒரே வகை. கமாவுக்கு அடுத்து ஐ, இட், திஸ், தே வந்தால் அங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லா இடத்திலும் தப்பாக இருக்காது, “வென் ஐ ஓப்பன்ட் இட், இட் வாஸ் எம்ப்டி” சரியான வாக்கியம்தான், ஏனென்றால் முன்பாதியை “வென்” தனியாக நிற்க விடவில்லை.

நன்றாக எழுதுகிறவர்களையும் கவிழ்க்கிற வார்த்தை “ஹவெவர்”. “ஐ வாண்டட் டு கால் யூ, ஹவெவர் மை ஃபோன் வாஸ் டெட்.” பார்த்தால் “பட்” வேலையைத்தான் செய்கிறது, “பட்” முன்னால் கமா போதும் என்றால் இதற்கு ஏன் போதாது? ஏனென்றால் “பட்” இணைக்கிற சொல், “ஹவெவர்” இணைக்கிற மாதிரி நடிக்கிற வினையடை. சோதித்துப் பார்க்க எளிய வழி, வார்த்தையை இடம் மாற்றுவது. “மை ஃபோன், ஹவெவர், வாஸ் டெட்” என்று உள்ளே தள்ளலாம், கடைசிக்கும் தள்ளலாம். “மை ஃபோன் பட் வாஸ் டெட்” என்று எழுத முடியாது. நகர்கிற வார்த்தை ஆணி ஆகாது. தேர்ஃபோர், மோர்ஓவர், தென், இன்ஸ்டெட் எல்லாம் இதே ஜாதகம். இவற்றுக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். கமாவோடு சேர்ந்து இரண்டு முழு வாக்கியத்தைத் தாங்குகிறவை ஏழுதான்: ஃபார், அண்ட், நார், பட், ஆர், யெட், ஸோ. ஆங்கில வகுப்புகளில் முதலெழுத்துகளைச் சேர்த்து ஃபேன்பாய்ஸ் என்று மனப்பாடம் செய்வார்கள்.

திருத்துவதுதான் எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் அங்கேதான் நாம் என்ன சொல்ல வந்தோம் என்பதே நமக்குத் தெரிய வரும். “த சர்வர் வாஸ் டவுன், வி லாஸ்ட் த டேட்டா.” கமாவை எடுத்துவிட்டு முற்றுப்புள்ளி வைத்தால் இரண்டு தகவல், அவ்வளவுதான், ஒன்றுக்கொன்று சம்பந்தம் உண்டு என்று நான் சொல்லவில்லை. அரைப்புள்ளி வைத்தால் சம்பந்தம் உண்டு, என்ன சம்பந்தம் என்று படிக்கிறவரே ஊகிக்கட்டும் என்று விடுகிறேன். “கமா ஸோ” என்றால் சர்வர் விழுந்ததால் டேட்டா போனது. “பிகாஸ் த சர்வர் வாஸ் டவுன், வி லாஸ்ட் த டேட்டா” என்று திருப்பினால் அதே காரணம்தான், ஆனால் சர்வர் காரணமாக மட்டும் ஒதுங்கிவிடுகிறது, வாக்கியத்தின் கனம் இழப்பின் மேல் விழுகிறது. “வைல்” என்றால் அந்த நேரத்தில் போனது, காரணம் அதுவாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஒரு பிரச்சினைக்கு யார் பொறுப்பு என்று விவாதம் நடக்கும்போது இந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. வெறும் கமா போட்டு எழுதுகிறவர் பல நேரம் அந்த முடிவை எடுக்காமல் நழுவுகிறார் என்பது என் அபிப்பிராயம். நான் அப்படி நழுவியிருக்கிறேன்.

சில சமயம் குறியை மாற்றுவதைவிட வாக்கியத்தையே பிரித்துக் கட்டுவது மேல். என் பழைய மெயில் ஒன்று: “ஐ செக்ட் த ரிப்போர்ட், தேர் ஆர் சம் எரர்ஸ், ஐ ஹேவ் மார்க்ட் தெம், ப்ளீஸ் கரெக்ட் அண்ட் சென்ட் பேக்.” எண்ணிப் பார்த்தால் நாலு முழு வாக்கியம் மூன்று கமாவில் தொங்குகிறது (கடைசியில் உள்ள கட்டளைக்கு எழுவாய் வெளியே தெரியாது, உள்ளே “யூ” இருக்கிறது, அதனால் அதுவும் முழுசுதான்). மூன்று இடத்திலும் புள்ளி வைத்தால் தந்தி மாதிரி இருக்கும். இப்போது எழுதினால் இப்படி எழுதுவேன்: “ஐ செக்ட் த ரிப்போர்ட் அண்ட் மார்க்ட் சம் எரர்ஸ். ப்ளீஸ் கரெக்ட் தெம் அண்ட் சென்ட் இட் பேக்.” ஒரே “ஐ” இரண்டு வினைக்கும் போதும், “தேர் ஆர்” தேவையே இல்லை, கமா ஒன்றுகூட இல்லை. பார்க்கப்போனால் நம் வினையெச்சம் செய்கிற வேலை இதுதான், ஒரே ஆள் பல வேலை செய்தால் எழுவாயை ஒரு தடவை சொன்னால் போதும்.

தந்தி என்றேன் இல்லையா, அந்தக் கட்டத்தையும் தாண்டித்தான் வந்தேன். ஃபைல் சம்பவத்துக்குப் பிறகு பயத்தில் கண்ட இடத்தில் எல்லாம் புள்ளி குத்தினேன். “ஐ குட் நாட் ஜாயின். பிகாஸ் த லிங்க் வாஸ் ப்ரோக்கன்.” இதில் இரண்டாவது, வாக்கியமே இல்லை, துண்டு. ரன்-ஆனுக்கு எதிர்ப்பக்கக் குழி.

விதியை மீறலாமா என்றால், மீறியிருக்கிறார்கள். சீசர் சொன்னதாக வரும் “ஐ கேம், ஐ சா, ஐ காங்கர்ட்” முழுக்கக் கமா ஸ்ப்ளைஸ்தான். 1918-இல் இலக்கண விதிகளைக் கறாராகத் தொகுத்த வில்லியம் ஸ்ட்ரங்க்கூட, இரண்டு முழு வாக்கியங்களைக் கமாவால் இணைக்காதே என்று சொல்லிவிட்டு, ரொம்பக் குட்டியாக ஒரே அமைப்பில் இருந்தால் பரவாயில்லை என்று ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். 1859-இல் வந்த டிக்கன்ஸின் ‘எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்’ நாவலின் முதல் வாக்கியம் நூறு வார்த்தைக்கு மேல் கமாவிலேயே ஓடுகிறது. அங்கே ஒவ்வொரு துண்டும் ஒரே தாளத்தில் விழுவதால் தடுக்காது. என் மெயிலில் தாளம் ஒன்றும் இல்லை. “இட் இஸ் லேட், இஸ்ன்ட் இட்?” மாதிரி வால் கேள்விகளைத் தப்பு என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள், அங்கே கமாதான் சரி.

வாட்ஸ்அப்பில் நான் இன்றைக்கும் கமாவாகப் போட்டுத் தள்ளுகிறேன், அதைத் திருத்த எனக்கு ஆசையும் இல்லை. ஆனால் அந்த நண்பருக்கு மட்டும் எங்கே எழுதினாலும் கவனம்தான். நான் எப்போது “டுமாரோ” என்று எழுதினாலும், புள்ளி ஒழுங்காக வைத்திருந்தாலும்கூட, ஒரு வரியில் பதில் வரும்: “இது எந்தப் பக்கத்து நாளை?”