நுரையீரல் நோய்க்கு முழங்கால் எக்ஸ்ரே

ஜனவரி 9

இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டு அழுத்தம் அளக்கும் கதீட்டர் சோதனை முடிந்து மகள் வார்டுக்கு வந்துவிட்டாள். நுரையீரல் தமனியில் சராசரி அழுத்தம் 55. அது 20-ஐத் தாண்டினாலே நுரையீரல் தமனி உயர் ரத்த அழுத்தம் என்ற இந்த நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்குவார்களாம். 2018 வரை 25 என்று வைத்திருந்தார்கள், பிறகு குறைத்துவிட்டார்கள். எந்தக் கணக்கில் பார்த்தாலும் நாங்கள் வெகு தூரம் தாண்டிவிட்டோம்.

கதீட்டர் உள்ளே இருக்கும்போதே நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுவாசிக்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு அழுத்தம் நன்றாக இறங்கினால் கால்சியம் தடுப்பு மாத்திரையே போதுமாம். இவளுக்கு இறங்கவில்லை. ஆகவே நுரையீரல் தமனியை விரிக்கும் சில்டெனாஃபில், போசென்டன் மாத்திரைகள் இரண்டும். போசென்டன் கல்லீரலைத் தொந்தரவு செய்யலாம் என்பதால் மாதா மாதம் ரத்தப் பரிசோதனை.

விளையாட்டு வகுப்பில் ஓடும்போது மயங்கி விழுந்தவளுக்கு வலிப்பு என்று மருந்து கொடுத்து நாங்கள் இழந்த மாதங்களைப் பற்றி இன்று எழுத மனமில்லை. இந்த நோயில் அப்படி நடப்பது சகஜம் என்கிறார் இதய டாக்டர்.

ஜனவரி 12

"ஒன்பது வயதில் பி.பி.யா? உப்பைக் குறைத்துப் பாரேன்." இதுவரை மூன்று பேர் சொல்லிவிட்டார்கள். கையில் பட்டை கட்டிப் பார்க்கும் ரத்த அழுத்தம் இவளுக்கு மிகச் சரியாக இருக்கிறது. பிரச்சினை இதயத்தின் வலது பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாய்களில். அவற்றின் கிளைகள் சுவர் தடித்துக் குறுகிவிட்டன, வலது கீழறை முட்டி முட்டித் தள்ளுகிறது. இனி கேட்பவர்களுக்கு இதை அப்படியே நகல் எடுத்து அனுப்பிவிடலாம்.

ஜனவரி 16

ரிப்போர்ட்டில் 'இடியோபதிக்' என்று இருக்கிறது. காரணம் தெரியவில்லை என்று பொருள். இதய டாக்டர் அந்தச் சொல்லைப் பேனாவால் தட்டிக் காட்டி, "மரபணு பார்க்காமல் இதை எழுதக் கூடாதும்மா" என்றார்.

"பார்த்தால் மருந்து மாறுமா?" என்று கேட்டேன்.

பெரும்பாலும் மாறாது என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் ஒரு விதிவிலக்கு சொன்னார். ஈ.ஐ.எஃப்.2.ஏ.கே.4 என்று ஒரு மரபணு. அதன் இரண்டு பிரதிகளும், அதாவது தாயிடமிருந்து வந்ததும் தந்தையிடமிருந்து வந்ததும், கெட்டிருந்தால் தமனிகளோடு நுரையீரல் சிரைகளும் அடைபடும். வெளியிலிருந்து பார்க்க ஒரே நோய் போலத் தெரியும். ஆனால் தமனியை விரிக்கும் மருந்தைக் கொடுத்தால் உள்ளே வரும் ரத்தம் கூடுகிறது, வெளியேற வழி இல்லை, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். 2014-ல்தான் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு முன் இதை உறுதி செய்ய நுரையீரலிலிருந்து சதை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்ததாம், இந்த நோயாளிகளுக்கு அதுவே உயிராபத்து.

இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

ஜனவரி 28

மரபியல் டாக்டரிடம் போனோம். இவ்வளவு நேரம் எங்களோடு உட்கார்ந்து பேசிய டாக்டர் வேறு யாரும் இல்லை. மூன்று தலைமுறைக்குப் படம் வரைந்தார். இளம் வயதில் திடீரென இறந்தவர்கள் உண்டா? அடிக்கடி மூக்கில் ரத்தம் வடியுமா? (ஏ.சி.வி.ஆர்.எல்.1, ஈ.என்.ஜி. என்ற மரபணுக்கள் கெட்டால் மூக்கில் ரத்தம் வடிவதும், உதட்டில் சிறு சிவப்புப் புள்ளிகளும், சிலருக்கு இந்த நுரையீரல் நோயும் சேர்ந்து வருமாம்.) நாங்கள் இருவரும் நெருங்கிய உறவா?

பிறகு மகளைக் கட்டிலில் உட்காரவைத்து முழங்காலைத் தடவிப் பார்த்தார். செருப்பைக் கழற்றச் சொல்லிக் கால் விரல்களைப் பார்த்தார். பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அவள் குழந்தையாக இருந்தபோது நாங்கள் கொஞ்சி மகிழ்ந்த இடைவெளி அது. டாக்டர் ஒன்றும் சொல்லாமல் குறித்துக்கொண்டார்.

"பிறந்தவுடன் மூச்சுத் திணறல் இருந்ததா?"

இருந்தது. அப்போதும் நுரையீரல் அழுத்தம் என்றுதான் சொன்னார்கள், செயற்கைச் சுவாசத்தில் வைத்தார்கள், சில வாரங்களில் முழுக்கச் சரியாகிவிட்டது என்று அனுப்பினார்கள். அதையும் குறித்துக்கொண்டார். மூவரிடமும் ரத்தம் எடுத்தார்கள். பெற்றோரின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எது அவர்களிடமிருந்து வந்தது, எது பிள்ளையிடம் புதிதாக முளைத்தது என்று தெரியும்.

பிப்ரவரி 5

காத்திருக்கும் நேரத்தில் படிக்கிறேன். இணையத்தில் எங்கே திறந்தாலும் பி.எம்.பி.ஆர்.2 என்ற மரபணு. இரண்டாம் குரோமோசோமில் இருக்கிறது, 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தார்கள். ரத்தக் குழாய்ச் சுவரின் செல்களுக்கு 'போதும், பெருகாதே' என்ற செய்தியை வாங்கித் தரும் ஏற்பி அது. ஒரு பிரதி கெட்டால் செய்தி பாதிதான் எட்டும், சுவர் தடிக்கத் தொடங்கும். குடும்பத்தில் பலருக்கு இந்த நோய் இருக்கும் வீடுகளில் சுமார் 70 முதல் 80 சதவீதம் இதுதான் காரணம்.

என்னைத் திகைக்கவைத்தது வேறு. கெட்ட பிரதி இருக்கும் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெண்களில் ஏறக்குறைய 42 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். மற்றவர்கள் அதைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாக வாழ்ந்து, பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பாட்டிக்கு வந்து, அப்பாவைத் தாண்டி, பேத்திக்கு வரலாம். 'எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே' என்று நான் ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லிக்கொண்டிருந்த வாதம் இத்தோடு படுத்துவிட்டது.

இன்னொன்றும் புரிகிறது. நான் படிப்பதில் பாதிக்கு மேல் பெரியவர்களைப் பற்றியது. குழந்தைகளின் மரபணுப் பட்டியலே வேறு மாதிரி. இதயத்தில் ஓட்டையோடு பிறந்து இந்த நோயும் வரும் குழந்தைகள் சிலரிடம் சாக்ஸ்17. பிறந்த சில நாட்களிலேயே எந்த மருந்துக்கும் அடங்காமல் போகிறவர்களில் சிலரிடம் ஃபாக்ஸ்.எஃப்.1, அதில் நுரையீரலின் நுண்குழாய்களே சரியாக உருவாவதில்லை. டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கும் இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம். பெரியவர்களுக்குக் குழாய் பிற்பாடு கெடுகிறது. பிள்ளைகள் பலருக்கு நுரையீரல் கட்டப்பட்ட விதத்திலேயே கோளாறு. இந்த வித்தியாசத்தை முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

பிப்ரவரி 21

மாத்திரையால் தலைவலி, முகம் சிவந்துபோகிறது. கல்லீரல் பரிசோதனை சரி. மாடி ஏறும்போது முன்னைப் போல் நடுவில் நிற்கவில்லை. ரிசல்ட் வரவில்லை.

மார்ச் 18

ரிசல்ட் வந்துவிட்டது. டி.பி.எக்ஸ்.4 என்ற மரபணு. ஒரு பிரதியில் ஓர் எழுத்து மாறி, புரதம் பாதியிலேயே நின்றுபோகிறது. 'நோய் உண்டாக்கக்கூடியது' என்ற பிரிவில் போட்டிருக்கிறார்கள். இதைவிட 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று வந்தால்தான் சிக்கல் என்றார் டாக்டர். அதை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது.

இந்த மரபணு கருவில் கால்களையும் நுரையீரலையும் உருவாக்கும் வேலையில் இருக்கிறது. 2004-லேயே இதை முழங்கால் சில்லு சிறிதாக இருக்கும் ஓர் எலும்புக் குறைபாட்டோடு சேர்த்து வைத்திருந்தார்கள். நுரையீரல் பக்கம் யாரும் பார்க்கவில்லை. 2013-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இந்த நோயுள்ள 20 குழந்தைகளைச் சோதித்தபோது 6 பேரிடம் இந்த மரபணுவில் மாற்றமோ, அந்த இடமே காணாமல் போனதோ தெரிந்தது. பெரியவர்களிடம் இது அபூர்வம். பிறந்ததும் அழுத்தம் ஏறி, இறங்கி, சில வருடம் கழித்துத் திரும்ப வருவதும் இந்தப் பிள்ளைகள் சிலரிடம் பார்த்ததுதானாம். சரியாகிவிட்டது என்று அன்று அனுப்பியது பாதிக் கதைதான்.

மாற்றம் அவளுக்கு அப்பாவிடமிருந்து வந்திருக்கிறது.

மார்ச் 20

அப்பாவுக்கும் பெண்ணுக்கும் முழங்கால், இடுப்பு எக்ஸ்ரே. இருவருக்கும் சில்லு சிறிது. இவருக்குச் சிறு வயதிலிருந்தே முழங்கால் நழுவும், ஓட்டப் பந்தயத்தில் பெயர் கொடுத்ததே இல்லை. இவருடைய எக்கோ, அதாவது இதய ஸ்கேன், சரியாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து மகளிடம், "நீயும் நானும் ஒரே கம்பெனி முட்டி" என்றார். அவள் சிரித்தாள். அவள் தூங்கிய பிறகு, "நான் கொடுத்தது" என்று ஆரம்பித்தார். கொடுக்கிறோம் என்று தெரிந்தா கொடுத்தீர்கள் என்றேன். அதற்கு மேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை. சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் இப்படி ஓர் இரவு வரும் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுவது நல்லது. எங்களிடம் படிவத்தில் கையெழுத்து மட்டும் வாங்கினார்கள்.

ஏப்ரல் 3

இப்போது சின்னவன். நான்கு வயது, கால் தரையில் நிற்காது. அவனிடமும் இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. இருந்தாலும் நோய் வந்தே தீரும் என்று இல்லை, எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது, வராமல் தடுக்க மருந்தும் இல்லை. பிறகு எதற்குத் தெரிந்துகொள்வது என்று நான்.

இவர் வேறு மாதிரி யோசித்தார். அவனிடம் இல்லை என்று தெரிந்தால் வருடா வருடம் எக்கோ எடுக்க வேண்டாம், ஓடி மூச்சு வாங்கும்போதெல்லாம் நாம் அவன் உதட்டு நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இருந்தால் மயங்கி விழும்வரை காத்திருக்காமல் முன்னாலேயே பிடிக்கலாம். அக்காவுக்கு நடந்தது இவனுக்கு நடக்காது.

கடைசி வாக்கியத்தில் நான் விட்டுக்கொடுத்தேன். எக்கோ இன்று எடுத்தாயிற்று, சரியாக இருக்கிறது. ரத்தம் அடுத்த வாரம்.

ஏப்ரல் 12

உறவினர்களுக்குக் கொடுக்க மரபியல் டாக்டர் ஒரு கடிதம் தந்திருக்கிறார், மகளின் பெயர் இல்லாமல். இவருடைய அக்காவுக்கு அனுப்பினோம். அண்ணிக்கும் முழங்கால் நழுவும், இரண்டு வளர்ந்த பெண்கள் வேறு.

இன்று போன் செய்தார்கள். "எக்கோ மூவரும் எடுத்துக்கொள்கிறோம். ரத்தச் சோதனை எனக்கு வேண்டாம், பெண்கள் அவர்களாக முடிவு செய்யட்டும். நீ வற்புறுத்தாதே" என்றார்கள். சரி அண்ணி என்றேன். பெரியவள் ரத்தம் கொடுக்கப் போகிறாளாம், சின்னவள் மாட்டாளாம்.